கன்ஸ்ட்ரக்டர் கேட்ட ஊர்

எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் காலை ஏழு நாற்பதுக்குத் தெருச் சங்கத்தின் செயலாளர் வந்தார். கையில் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள். கொச்சியின் மட்டாஞ்சேரியில் வசிக்கும் சங்க உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பொரியும் வெல்லமும் குங்குமமும் தனித்தனிப் பொட்டலமாக வீடு தேடி வரும். வெளியூர் போனவர்களுக்குக் கிடையாது. அம்மா இறந்தபின் நான் தனியாக இருக்கிறேன். எனக்கு எப்போதும் ஒன்றுதான்.

"அக்கா வந்தாச்சு, அல்லே சேட்டா? ஒரு வார்த்தை சொல்லலையே!"

"யாரு சொன்னா?"

"நீங்க செஞ்ச சைட்தான் சொல்லுது. மட்டாஞ்சேரின்னு கிடக்கு. சாயா ஒண்ணும் வேண்டாம், இன்னும் இருபது வீடு பாக்கி."

காக்கநாட்டில் ஓர் அலுவலகத்தில் இணையதளங்களுக்கு நிரல் எழுதுவது என் வேலை. சங்கத்தின் உறுப்பினர் பக்கத்தை மூன்று மாதங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலிருந்து எழுதிக் கொடுத்தேன். அதில் 'உறுப்பினர்' என்று ஒரு கிளாஸ். அதை வார்ப்பாக வைத்து ஆளுக்கு ஓர் ஆப்ஜெக்ட் உருவாகும். உருவாகும்போது முதலில் தானாக ஓடுவது கன்ஸ்ட்ரக்டர். பெயர், தொலைபேசி எண், ஊர் மூன்றையும் வாங்கி ஆப்ஜெக்டில் நிரப்புவது அதன் வேலை. பழைய பதிவேட்டில் பாதிப் பேர் ஊர் எழுதியிருக்கவில்லை. எல்லோரும் இங்கேதானே என்று, ஊர் வராவிட்டால் 'மட்டாஞ்சேரி' என எடுத்துக்கொள்ளும்படி கன்ஸ்ட்ரக்டரிலேயே எழுதிவைத்தேன். அக்காவின் பெயருக்கு எதிரேயும் ஊர் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

அக்கா என்னோடு பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அம்மா இறந்தபோது அவள் சென்னையில் வேலையில் இருந்தாள். நான்கு மணிக்கு எடுப்பதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அவள் ஏறிய ரயில் தாமதம். நான்கு மணிக்கே எடுத்துவிட்டோம். அவள் வாசலில் வந்து நின்றபோது ஐந்து பத்து. அன்றைய நாட்குறிப்பில் இரண்டு நேரங்களும் இருக்கின்றன. வேறு எதுவும் இல்லை. அவளுடைய எண்ணை ஒவ்வொரு ஜனவரியிலும் புதிய நாட்குறிப்பில் எழுதிக்கொள்வேன். அழைத்ததில்லை.

பிழையைத் திருத்தத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தேன். இங்கே ஆப்ஜெக்டுகளுக்கு ஆயுள் குறைவு. ஒருவர் பக்கத்தைத் திறந்தால் உருவாகும். பக்கம் அவரிடம் போய்ச் சேர்ந்ததும் அழிந்துவிடும். அடுத்தவர் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. அப்படியானால் மூன்று மாதங்களாக, தெருவில் யார் திறந்தாலும், அக்கா மட்டாஞ்சேரிக்கு வந்து வந்து போயிருக்கிறாள். நான் பதினோரு முறை திறந்தேன். பதினோரு முறையும் வந்தாள்.

பிறகு கன்ஸ்ட்ரக்டரிலிருந்து 'மட்டாஞ்சேரி'யை எடுத்தேன். மற்றவர்களின் ஊர்களைச் செயலாளரிடம் கேட்டு மாலைக்குள் நிரப்பினேன். மிஞ்சியது அக்கா ஒருத்திதான். அவளுக்கு ஊர் இல்லாததால் கன்ஸ்ட்ரக்டர் பிழை காட்டியது; பக்கம் முழுவதும் நின்றுபோயிற்று. ஊர் இருக்க வேண்டிய இடத்தில், உள்ளே எதுவும் இல்லாத மேற்கோள் குறிகள் இரண்டைப் போட்டால் வேலை முடிந்துவிடும். அலுவலகத்தில் பிறர் அப்படி எழுதினால் திருப்பி அனுப்புகிறவன் நான். ஆறேகாலுக்கு அவளை அழைத்தேன்.

"அலோ, ஆரா?"

"நான்தான்க்கா."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த குழாயை யாரோ மூடும் சத்தம். "என்னடா?"

"உன் ஊர் வேணும். நம்ம சங்கத்து சைட்ல அது இல்லாம பக்கமே திறக்க மாட்டேங்குது."

"ஓஹோ. உன் கம்ப்யூட்டர் கேட்டாத்தான் என்னைக் கூப்பிடுவியாக்கும்?"

"அன்னிக்கு ரயில் வர்ற வரைக்கும் நான் நின்னிருக்கணும்க்கா," என்றேன்.

மறுமுனையில் குழாய் மறுபடி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"இடக்கொச்சின்னு போடு."

"இடக்கொச்சியா? எந்த இடக்கொச்சி?"

"எத்தனை இடக்கொச்சிடா இருக்கு உனக்கு? ரிட்டயர் ஆயி போன வருஷமே வந்தாச்சு."

"சொல்லவே இல்லையே."

"நீ கேட்டியா?"

பொட்டலம் மேசைமேல் காலையில் வைத்த இடத்திலேயே இருந்தது. "கோயில் பொட்டலம் ஒண்ணு உன் பேர்ல வந்திருக்கு. நாளைக்குக் கொண்டு வரட்டா?"

"பொரி நமுத்துப்போகும். சரி, எத்தனை மணிக்கு?"

எதற்கும் மணி சொல்லிப் பழகிய நான், "நீயே சொல்லுக்கா," என்றேன்.

"வர்றப்போ வா," என்றாள். "ஒரு மணிக்கூர் தாமதமானாலும் இருப்பேன். உன்ன மாதிரி இல்ல."

அவள் வைத்தபின் 'இடக்கொச்சி' என்று தட்டினேன். பக்கம் திறந்தது. அவள் மட்டாஞ்சேரியில் இல்லை. பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில், ஒரு வருடமாக, இருந்திருக்கிறாள்.