பச்சைச் சொதி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீள்குடியேறிய பிறகு எங்கள் கரையோரப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்தேன். முகாமில் சோறும் பருப்புமாக வளர்ந்த பிள்ளைகள் கீரையைத் தொடமாட்டார்கள். அவர்களில் ஒரு சிறுமி இரத்தம் குறைந்து மயங்கி விழுந்தாள். கீரை கொடுக்கச் சொன்னார் தாதி. முருங்கையிலையை அரைத்து, பிள்ளைகளுக்குத் தெரியாமல், தேங்காய்ப்பால் விட்ட மீன் சொதியில் கலந்தேன்.

"ஆச்சி, சொதி ஏன் பச்சை?" என்று கேட்டாள் அந்தச் சிறுமி.

"பச்சை மிளகாய், பிள்ளை."

"பொய்! எங்கட ஆடு தின்னுற குழை!"

எல்லாரும் சிரித்துச் சோற்றுக் கோப்பையைத் தள்ளினார்கள். அவளும் பசியோடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் அந்த முருங்கையிலையையே மறைக்காமல், தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தேன்.

"ஓம் பிள்ளை, குழைதான். உனக்கு ரத்தம் ஊறத்தான்."

முகத்தைச் சுளித்து ஒரு வாய் தின்றாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

அவள் அப்போது படித்தது இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ, தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள்.