அக்காவின் வாய்ப்பூட்டு

எங்கள் வீட்டில் நல்ல பழமெல்லாம் மிக்ஸிக்குள் போய்ச் சாறாக வெளியே வந்து, அந்தச் சாறெல்லாம் என்னைத் தாண்டிப் போன காலம் ஒன்று உண்டு. நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அக்கா விழுப்புரத்தில் காலேஜ். அவளுக்குக் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் தள்ளி வளர்ந்திருந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று சந்திக்காது. அவள் ஒரு தட்டுச் சோற்றை மென்று முடிப்பதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டு, கை கழுவி, பாதி சீரியலும் பார்த்திருப்பார்கள்.

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் தாடை எலும்பை அறுத்துப் பின்னால் தள்ளி, பிளேட் வைத்து முடுக்கி, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியும் ரப்பரும் போட்டு ஒன்றாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றரை மாதம் வாயைத் திறக்கக் கூடாது. எலும்பு கூடுவதற்குள் தாடை அசைந்துவிட்டால் மறுபடி அறுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் மாதிரி இருப்பதைத்தான் குடிக்கலாம். அதுவும் வாயைத் திறந்து இல்லை. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சின் முனையில் ஒரு டியூபை மாட்டி, கன்னத்தின் உள்பக்கமாகக் கடைவாய் வரை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும்.

இத்தனையிலும் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. அக்காவுக்கு தினமும் ஜூஸ்.

அப்பாவுக்குத் திண்டிவனம் மேம்பாலத்துப் பக்கம் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை. பகலில் வீட்டுப் பக்கம் தலை காட்டாத மனிதர். அவர் அந்த நாட்களில் உச்சிவெயிலில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வருவார். கையிலிருக்கிற டயர்க் கறுப்பு போகும்வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பார். சாத்துக்குடியை உரித்து, கொட்டை எடுத்து, அரைத்து, டீ வடிகட்டியில் ஒரு முறை, துணியில் ஒரு முறை வடித்து, அக்காவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிரிஞ்சை அழுத்துவார். என் பங்குக்குச் சக்கை வரும். "சக்கையிலதாண்டி சத்தே கீது" என்பார். அப்படியானால் அதை அக்காவுக்குக் கொடுங்கள் என்று நான் சொன்னேன். அம்மா கரண்டியைக் காட்டினாள்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. கிடைத்தது டீயில் நனைத்த ரஸ்க். அப்பா எட்டிப் பார்த்து, நெற்றியில் புறங்கையை வைத்து, "சரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறக்கிற பிள்ளையாக என்னைப் பெறவில்லை.

எங்கள் பக்கத்து ஜனங்கள் நலம் விசாரிக்கிற அழகைத் தனியாகச் சொல்ல வேண்டும். மனிதர்கள் பேசுவதை வாய் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு இன்றைக்கும் பிடித்த வேலை. அதை நான் கற்றுக்கொண்டது அந்த ஒன்றரை மாதத்தில்தான். எதிர்வீட்டுக்காரம்மா முதல் நாளே வந்தாள். அக்காவின் வீங்கிக் கறுத்த முகத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி அக்காவைப் பார்த்தாள். அம்மாவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுப் போய், "வயசுப் பொண்ண இப்டியா கை நீட்டுறது?" என்று கேட்டாள். அம்மா நடந்ததை விளக்கினாள். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நம்பவில்லை. அவள் கிளம்பிப் போகும்வரை அப்பா தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

மற்றவர்கள் வேறு விதம். பேச முடியாதவளுக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டி, தெருமுனை வரை கேட்கும்படி அக்காவிடம் கத்தினார்கள். அக்கா ஸ்லேட்டில் 'கேக்குது' என்று எழுதிக் காட்டினாள். அந்த ஸ்லேட் என்னுடையது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிலர் மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர் என்று கேட்டார்கள். சாமி கொடுத்த மூஞ்சியை அறுத்துப் பார்க்கிற அளவுக்கு என்ன வந்துவிட்டது என்று சிலர் அம்மாவிடமே வருத்தப்பட்டார்கள். அக்கா அப்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். எனக்கோ ஆச்சரியம். இத்தனை பேர் தன்னைப் பார்க்க வரும்போது சுவரைப் பார்ப்பாளா ஒருத்தி?

இதற்கு நடுவில் விழுப்புரத்திலிருந்து அத்தை பெட்டியோடு வந்து இறங்கினாள். அப்பாவுக்கு மூத்தவள். அவள் சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு கிடையாது. வந்த அன்றே சமையலறை வாசலில் நின்று சட்டம் போட்டாள்.

"அறுத்த புண்ணு. உப்பு, புளி, காரம் எதுவும் நாக்குல படக் கூடாது. பட்டா சீழ் புடிச்சிக்கும்."

டாக்டர் அப்படிச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. ஆனால் அத்தை சொன்னது எல்லாருக்கும் நன்றாக நினைவிருந்தது. அதனால் காலையில் சர்க்கரை போட்ட பால், பத்து மணிக்கு மாதுளை, மதியம் சாத்துக்குடி, சாயங்காலம் ஆப்பிளை வேகவைத்துப் பாலில் கரைத்தது, ராத்திரிக்கு உருகின ஐஸ்கிரீம். அக்கா ஸ்லேட்டில் 'ரசம்' என்று எழுதுவாள். அத்தை விரலை நாக்கில் தொட்டு அதை அழித்துவிடுவாள். மறுநாளும் அக்கா எழுதுவாள். மறுநாளும் அத்தை அழிப்பாள். உருகின ஐஸ்கிரீம் கிடைக்கிற ஒருத்தி ரசம் கேட்கிறாள் என்றால் அது திமிரில்லாமல் வேறென்ன என்று எனக்குத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். சாம்பார்ப் பொட்டலத்தில் வரும் ரப்பர்களைச் சேர்த்து முடிந்து, காதிலிருந்து காதுக்கு உதட்டின் மேல் மாட்டி, அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அத்தை பார்த்துவிட்டு, "இந்தாண்ட ஒண்ணு புதுசா கெளம்பிக்கீது பாரு" என்றாள். அதோடு சரி, யாரும் மாதுளையை உடைக்கவில்லை. மதியம் அம்மா மீன் குழம்பு கொதிக்கவிட்டாள். வாசனை கூடத்துக்கு வந்ததும் என் ரப்பர் தானாகக் கழன்றது. நான் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுவும் பெருமைதான் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது துண்டு கேட்டேன்.

பாதி நாள் போயிருந்தபோது பௌர்ணமி வந்தது. ஆபரேஷனுக்கு முன்பே அம்மா திருவக்கரை அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். பௌர்ணமிக் கூட்டத்தில் யாராவது முழங்கையால் ஒரு இடி இடித்தால் தாடை போச்சு என்று அப்பா பயந்தார். கூட்டம் சேருவது பொழுது சாய்ந்த பிறகுதான், காலையிலேயே போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று அத்தை தீர்ப்புச் சொன்னாள். அங்கே கல்லாகிப் போன மரங்களைக் காட்டுகிறேன் என்று சொல்லித்தான் என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள். மயிலம் தாண்டுவதற்குள், வெயில் ஏறுகிறது, அக்காவுக்கு ஆகாது, கும்பிட்டதும் நேராக வீடுதான் என்று ஆகிவிட்டது. நான் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவை முறைத்தபடியே வந்தேன்.

அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். வீக்கம் வடிந்திருந்தது. ரத்தம் கட்டின இடமெல்லாம் கறுப்பு மாறிப் பச்சையாகி, பச்சை மாறி மஞ்சளாகி, கன்னத்திலிருந்து கழுத்து வரை பூசினாற்போல் நின்றது. கோயிலுக்கு என்று அம்மா மஞ்சள் சுடிதார் வேறு போட்டுவிட்டிருந்தாள். வாய் இறுக மூடியிருந்தது. உதடு கொஞ்சம் விலகினால் உள்ளே கம்பி பளிச்சிடும்.

பெரியவர்கள் மூன்று பேரும் அர்ச்சனைக்கு உள்ளே போனார்கள். அக்காவை வெளிப்பிராகாரத்தில் ஒரு தூண் நிழலில் உட்காரவைத்து, யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள என்னைக் காவலுக்கு வைத்தார்கள். அக்கா பையிலிருந்து சிரிஞ்சை எடுத்து, டியூபை வாயோரம் விட்டு மாதுளைச் சாற்றை அழுத்தத் தொடங்கினாள். எதிர்த் தூணடியில் இடுப்பில் ஒரு பையனோடு நின்றிருந்த பெண் ஒருத்தி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வந்தவள் என்று பிறகு தெரிந்தது. அவள் மெதுவாக வந்து என்னிடம் குனிந்தாள்.

"எத்தினி நாளா வாயக் கட்டிக்கினு கீறாங்க?"

மூன்று வாரமாக, இன்னும் மூன்று வாரம் பாக்கி என்றேன். பேசவே மாட்டாங்களா என்றாள். பேசக் கூடாது என்றேன். நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பையனை இறக்கி அக்காவின் காலடியில் கிடத்தி, தானும் விழுந்தாள்.

எங்கள் பக்கத்தில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு உதட்டைச் சேர்த்து அலகு குத்தி, கடன் முடியும்வரை பேசாமல் இருப்பார்கள். வாய்ப்பூட்டு என்று பேர். மஞ்சள் முகம், மஞ்சள் உடுப்பு, வாயில் கம்பி, பௌர்ணமி. அவள் வேறு என்ன நினைப்பாள்?

பையனுக்கு மூன்று வயதாகிறதாம், அம்மா என்று ஒரு சொல் வரவில்லையாம். அக்கா இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். ஆட்டின கை அவனை ஆசீர்வாதம் செய்வதுபோல் இருந்தது. பதறிப்போய் ஸ்லேட்டை எடுத்து 'ஆபரேஷன்' என்று பெரிதாக எழுதி நீட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது. ஸ்லேட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எழுத்தின் மேல் விரலைத் தேய்த்து, அந்தச் சாக்பீஸ் தூளைப் பையனின் நெற்றியில் திருநீறாக இட்டாள்.

அதற்குள் பின்னால் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் பத்துப் பேர். ஒருவர் எலுமிச்சம்பழம் வைத்தார். என் ஸ்லேட், என் சாக்பீஸ், கும்பிடு மட்டும் அவளுக்கு. நானும் அக்காவோடு ஒட்டி உட்கார்ந்து வாயை இறுக்கிக்கொண்டேன். ஒரு பெரியவர், "பாப்பா, ஓரமா போ, சாமிக்குக் காத்து வரட்டும்" என்று என்னை நகர்த்திவிட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். பேசு, நீயாவது சொல்லு என்பதுபோல் பார்த்தாள். நான் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டேன், பொறாமையில்.

அர்ச்சனைத் தட்டோடு வெளியே வந்த அத்தைதான் கூட்டத்தை விலக்கினாள்.

"யாரு சாமி? எந்தம்பி பொண்ணு இது. தாடையில ஆபரேஷன்."

கூட்டத்துக்குச் சப்பென்று போய்விட்டது. எலுமிச்சம்பழம் வைத்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனாலும் உடனே போகவில்லை. வண்டியில் விழுந்துவிட்டாளா, கல்யாணம் தட்டிப் போகிறதா, இதெல்லாம் ஒரு ஆபரேஷனா என்று வழக்கமான விசாரணை தொடங்கியது. அக்கா முகத்தைத் தூண் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு மனசு குளிர்ந்தது. சாமி போய் அக்கா வந்துவிட்டாள்.

எல்லாரும் கலைந்த பிறகும் அந்தக் குப்பத்துப் பெண் மட்டும் நின்றாள். பையன் நெற்றியிலிருந்த சாக்பீஸை அவள் துடைக்கவில்லை. நேர்த்திக்கடன் இல்லையா, டாக்டரே பூட்டிவிட்டாரா என்று அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு அக்காவின் முன்னால் உட்கார்ந்து, கத்தாமல், பக்கத்தில் இருப்பவளிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"பசிக்குதா?"

அக்கா தலையாட்டினாள்.

இப்போதுதான் மாதுளை ஜூஸ் குடித்தாள் என்று அப்பா சொன்னார். அந்தப் பெண் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையனுக்காகக் கொண்டுவந்திருந்த தூக்கைத் திறந்தாள். கேப்பைக் கூழில் மோர் ஊற்றி, உப்புப் போட்டுக் கரைத்தது. வாசனை எனக்கே வந்தது. உப்பு ஆகாது என்று அத்தை கையை நீட்டித் தடுத்தாள். அக்கா அந்தக் கையைப் பிடித்து மெல்ல ஒதுக்கினாள். காலி சிரிஞ்சை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா தன் அக்காவைப் பார்த்தார். என் அக்காவைப் பார்த்தார். தோளிலிருந்த புதுத் துண்டின் முனையை, பையிலிருந்த தம்ளரின் மேல் விரித்துக் கூழை ஊற்றி வடித்தார். கெட்டியாக இருக்கவே கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி வடித்தார். அப்பா அத்தையின் பேச்சை மீறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தைக்கும் அது புதுசு. நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

இரண்டாவது சிரிஞ்சில் அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மஞ்சள் கன்னத்தில் வழிந்து கழுத்துக்குப் போயிற்று. துடைக்கக்கூட இல்லை. "பாத்தியா, எரியுது" என்றாள் அத்தை. எனக்கு வேறு காரணம் தெரிந்திருந்தது. கும்பிடு போய்விட்டதே, அந்த வருத்தம். அப்பா மூன்றாவது முறை நிரப்பினார்.

எனக்கும் வேண்டும் என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தூக்கு மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தேன். சாதாரணக் கேப்பைக் கூழ். மோர் புளித்திருந்தது, உப்பு ஒரு கல் கூடுதல். இதற்குப் போய் ஒருத்தி அழுவாளா என்று யோசித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தேன். அவள் மறுபடியும் சிரிஞ்சை நீட்டினாள். அப்பா துண்டைப் பிழிந்து கடைசிச் சொட்டையும் அவளுக்கே கொடுத்தார். மாதுளையும் சாத்துக்குடியும் ஐஸ்கிரீமும் போதாமல், கடைசியில் இந்தக் கூழிலும் பெரிய பங்கு அவளுக்குத்தானா என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.