தூசிக் கட்டுரைக்கான கட்டணம்

பெனிஷாவுக்கு விலையைக் குறைத்தே பழக்கம். திருவொற்றியூரில் அவள் அப்பா ஜெபசிங்குக்கு மொத்த மளிகைக்கடை. பக்கத்துக் கடையைவிட இரண்டு ரூபாய் குறைத்துச் சொன்னால்தான் ஆர்டர் கிடைக்கும் என்று பார்த்து வளர்ந்தவள். எங்கள் கல்லூரியில் ஆய்வுத் திட்டங்களுக்கு பட்ஜெட் போடும் ஒப்பந்த வேலை அவளுக்கு; பக்கத்து மேஜை எனக்கு.

எர்ணாவூர் வீடுகளில் படியும் தூசியைப் பற்றிய ஆய்வுக்கு எங்கள் பேராசிரியர் ஒருவர் நிதி கேட்டு விண்ணப்பித்தார். 'கட்டுரை வெளியீட்டுக் கட்டணம்' என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்த இரண்டு லட்சத்தை பெனிஷா அவரிடம் சொல்லாமல் பட்ஜெட்டிலிருந்து தூக்கிவிட்டாள். மொத்தம் குறைந்தால் நமக்கே கிடைக்கும் என்று நினைப்பு. நிதி கொடுப்பவர்கள் என்ன பருப்பு வாங்கவா வருகிறார்கள்? பார்த்துக்கொண்டிருந்த நானும் வாயைத் திறக்கவில்லை. பேராசிரியர் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

நிதி வந்தது. மூன்றாம் வருஷம் கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. எல்லோரும் இலவசமாகப் படிக்க வேண்டுமானால் பத்து நாளுக்குள் இரண்டு லட்சம் கட்ட வேண்டும். இல்லையென்றால் காசு கொடுப்பவர்கள் மட்டும் படிக்கலாம். பட்ஜெட்டில் இல்லாத செலவுக்கு ஒரு பைசா எடுக்க முடியாது; எங்கள் தவறால் விடுபட்டது என்று நிதி கொடுத்தவர்களுக்கு எழுதிக் கேட்டால்தான் உண்டு.

"நிதி கொடுத்தவங்களே அதை வெட்டிட்டாங்க போலிருக்கு, விடுங்க" என்றார் பேராசிரியர். பெனிஷா தலையாட்டினாள். உண்மை தெரிந்தால் வேலை போய்விடும். மூன்று நாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள். பேராசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவாள்.

நாலாம் நாள் எர்ணாவூரிலிருந்து ரசூல் பீவி போன் செய்தார். ஒரு வருஷம், வாராவாரம், கட்டிலுக்கடியில் பெருக்கிய தூசியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவர். முடிவை எல்லோரும் சும்மாவே படிக்கலாம் என்று சொல்லி அவரிடம் கையெழுத்து வாங்கியது பெனிஷாதான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"இன்னாம்மா, எங்க வூட்டுத் தூசி பொஸ்தகத்துல வந்துச்சா?"

"வருது பீவிம்மா. ஆனா படிக்கறதுக்குக் காசு கேக்கறாங்க."



"பரவால்ல, எவ்ளோன்னு சொல்லு. எங்க தெருவுல நாப்பது வூடு கீது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிக்கிறோம். புள்ளைங்க இன்னாத்த மூச்சுல இழுத்துகினு கீதுங்கன்னு தெரியணும்ல?"

பெனிஷா போனை வைத்தாள். "பயமா இருக்கு" என்றாள் என்னிடம். எனக்கும்தான். பேராசிரியர் எழுதிக் கொடுத்த பழைய தாளைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டப் போய் இரண்டு முறை கையை இழுத்துக்கொண்டாள். மூன்றாம் முறை தட்டினாள்.

"சார், வெட்டினது அவங்க இல்ல. நான்."