திக்கும்போது மறையும் காசு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். 'க'வும் 'ப'வும்தான் ரொம்பப் படுத்தும். ஊரிலிருந்து பஸ் ஏறினால் 'புதுக்கோட்டை' என்று சொல்லி டிக்கெட் வாங்க என்னால் முடியாது. 'டவுனுக்கு ஒண்ணு' என்பேன். அது தடங்கலில்லாமல் வரும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்ததற்கே அதில் பேச்சு குறைவு என்பதுதான் காரணம். போனைக் கொடுப்பார்கள், திறந்து பார்ப்பேன், தலையாட்டுவேன். கூட்டமில்லாத ஒரு மத்தியானம், சரிசெய்த போனில் படம் ஓடுகிறதா என்று பார்க்க ஏதோ ஒரு வீடியோவைப் போட்டேன். ஒருவர் வாயே திறக்காமல் ஒரு நாணயத்தைக் கையில் மறைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். போனைக் கொடுத்தவர் வந்து நிற்பதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து கல்லா மேசைக்கு அடியில் என் கை ஓயவில்லை. காசு, சீட்டு, ரப்பர் பேண்டு, சிம் கார்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துப் பழகினேன். உள்ளங்கைச் சதையில் ஒரு காசைக் கவ்விப் பிடித்துக்கொண்டே அதே கையால் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். யாருக்கும் செய்து காட்டியதில்லை. காட்டினால் ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டிவரும்.

அப்போதுதான் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். போகிற வீட்டிலெல்லாம் எனக்குப் பதிலாக என் மாமாதான் பேசுவார். "மாப்ளைக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். மத்தபடி தங்கமான பய" என்பார். கேசரியும் பஜ்ஜியும் வரும். ஊருக்குத் திரும்பிய பிறகு வேறு யார் மூலமாகவோ வேண்டாமென்று சொல்லி அனுப்புவார்கள்.

வல்லத்திராக்கோட்டையில் பார்த்த பெண், தட்டை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. "நான் அவங்ககிட்ட தனியாப் பேசணும்" என்றாள். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. பேசினால் இந்த இடமும் போய்விடும் என்று பயந்திருப்பார்.

அவள் பிளவுஸ் தைக்கிறவள். பக்கத்து அறையில் தையல் மெஷினுக்கு அருகே ஸ்டூலைப் போட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

"என்கிட்ட எதும் கேக்கணுமா?"

"ஒ... ஒ... ஒ..." அதற்கு மேல் வரவில்லை. நெற்றி வேர்த்துவிட்டது. அவள் காத்திருந்தாள். வேறு வழி தெரியாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்தேன். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி மூடினேன், ஊதினேன், விரித்தேன். காசு இல்லை.

அவள் சிரிக்கவுமில்லை, ஆச்சரியப்படவுமில்லை. "இன்னொரு தடவ செய்யுங்க" என்றாள். செய்தேன்.

"வலது கைய விரிங்க."

விரித்தேன். காசு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் செய்றீங்க. ஆனா கட்ட வெரலு மட்டும் வெறச்சுக்கிட்டு நிக்கிது. அதான் காட்டிக்குடுத்துருச்சு" என்றாள்.

வெட்கமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. என் வாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை; என் விரலைத்தான் குறை சொன்னாள். அவளும் சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டு வெளியே இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியது எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கே பூ வைத்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள்தான் எனக்கு ஆடியன்ஸ். துணியில் ஒரு நூல் விலகினாலும் கண்டுபிடிக்கிற கண். எந்த வித்தை செய்தாலும் பிடித்துவிடுவாள். "இங்கிட்டுத் திரும்புறப்ப தெரியிது", "சீட்டு ஓரம் எட்டிப் பாக்குது" என்று சொல்லிக்கொண்டே காஜா எடுப்பாள். நான் மறுபடி பழகுவேன்.

ஒருநாள் சாயங்காலம் காஜா எடுத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க ஊமப்படம் மாதிரியே செய்றீங்க? பேசிக்கிட்டே செய்யுங்களேன்."

"வ... வராது."

"வந்த வரைக்கும் வரட்டும். நான் என்ன, பஸ்ஸப் புடிக்கவா போறேன்?"

காசைக் காட்டினேன். கையை மூடினேன். "கா... கா... கா..." என்று இழுத்தது. எப்படியோ "காசு இப்ப எந்தக் கை?" என்று சொல்லி முடித்தேன்.

"இடது."

விரித்தேன். இல்லை. "வலது" என்றாள். அதிலும் இல்லை. அவள் மடியிலிருந்த துணியைத் தூக்கிக் கீழே வைத்தாள். அதற்கு அடியில், அவள் மடியிலேயே காசு கிடந்தது. அவள் ஏமாந்தது அதுதான் முதல் தடவை.

"எப்ப வச்சீங்க?"

"தி... திக்குனப்ப."

"நீங்க திக்குறப்ப நான் ஒங்க மூஞ்சியத்தாங்க பாத்தேன். கைய யாரு பாத்தா?" என்றாள்.

அவள் சொன்னதை நினைத்தபடியே அன்று சாப்பிட்டேன். நான் திக்கும்போது மனிதர்கள் இரண்டு விதமாகத்தான் இருப்பார்கள். சிலர் என் உதட்டையே வெறிப்பார்கள். சிலர் சங்கடப்பட்டுத் தரையைப் பார்ப்பார்கள். இரண்டுமே எனக்கு வலிக்கும். ஆனால் அந்த நேரத்தில் ஒருவரும் என் கையைப் பார்ப்பதில்லை என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

அவளுடைய அக்காவை ஜெகதாப்பட்டினத்தில் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். பிரியாணி முடிந்து, அக்கா வீட்டுக்காரரும் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிற அவருடைய கூட்டாளிகளும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். "இவுக மேஜிக் செய்வாக" என்று சொல்லிவிட்டு என் பின்னால் நின்றுகொண்டாள்.

ஒருவரிடம் காசு வாங்கினேன். கையை மூடினேன். "கா... கா..." மேசையில் சத்தம் அடங்கியது. எதிரே இருந்த ஐஸ் கம்பெனிக்காரர் பொறுக்கமாட்டாமல், "காசு எங்கன்னு கேக்குறியாப்பா?" என்றார். வழக்கமாக யாராவது இப்படி முடித்துவைத்தால் நான் தலையாட்டிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

"இருங்கண்ணே. நானே சொல்றேன்" என்றேன்.

இருந்தார்கள். எல்லாக் கண்ணும் என் முகத்தில். அவசரப்படாமல் அந்த வார்த்தை வருகிறவரைக்கும் நின்றேன். "காசு இப்ப எங்க?" என்று கேட்டு முடித்து, இரண்டு கையையும் விரித்தேன். பிறகு அவருடைய டம்ளரைக் காட்டினேன். அவர் தூக்கினார். அடியில் காசு. "யாத்தே!" என்று அவர் போட்ட சத்தத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் ஓடி வந்தார்கள். இன்னொன்று, இன்னொன்று என்று பாயசம் ஆறிப்போகிறவரை விடவில்லை.

கிளம்பும்போது ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏந்தம்பி, அந்தத் திக்கு நெசமா, வித்தைக்காகப் பண்றியா?" என்று கேட்டார்.

"நெசந்தாங்க. பொ... பொறந்ததுலேர்ந்து" என்றேன். அவர் நம்பவே இல்லை. "பொய் சொல்றான் பாரு" என்று சிரித்துக்கொண்டே போனார். என் திக்கலை ஒருவர் திறமை என்று நினைத்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் அந்த ஐஸ் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். தங்கச்சி கல்யாண ரிசப்ஷனில் மேசை மேசையாகப் போய்ச் செய்து காட்ட வேண்டுமாம். வீட்டில் எந்தப் போன் வந்தாலும் எனக்காக என் மனைவிதான் பேசுவாள். அன்று அவள் போனை என் பக்கம் நீட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எந்த மண்டபம், எத்தனை மணி, என்னென்ன சாமான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நேரம் பிடித்தது. அந்தப் பக்கம் அவர் ஒரு வார்த்தையைக்கூட முடித்துவைக்காமல், நான் சொல்லி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.