அப்பாவுக்குக் கொடுத்தனுப்பிய பிளேடு

என் மகனுக்கு மீசை அரும்பி ஒரு வருடம் ஆகிறது. அடையாறில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சலூனுக்கு நண்பர்களோடு போகிறான். போன மாதம் அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய் வெளியே நின்று, கடைக்காரர் புது பிளேடைக் காகிதத்திலிருந்து எடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்துவிட்டான். "மானத்த வாங்கறம்மா" என்றவன் இரண்டு நாள் பேசவில்லை. அவனிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை விற்பனையாளர். இரண்டு நாள் தாடியோடு போய் நின்றால் முதலாளி வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, அடையாறு பாலத்தருகே ஒரு தண்ணி லாரி அப்பாவின் சைக்கிளை இடித்தது. வலது மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். யாரிடமிருந்தோ வாங்கிய ரத்தத்தை இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். பிழைத்து வந்தார். புடவையை விரித்து மடிக்கக் கை ஒத்துழைத்தது. கன்னத்தில் ரேசரை வைத்தால் மட்டும் நடுங்கியது. அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தெருமுனை சலூனுக்குப் போக ஆரம்பித்தார்.

சில மாதம் கழித்து அவருக்குக் காமாலை வந்தது. பத்தியம் இருந்தார், சரியாகிவிட்டது என்று சொன்னார்கள். அதன் பிறகு அப்பா சலூனுக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா என்னையும் கூட அனுப்பினாள். என் உள்ளங்கையில் காகிதம் பிரிக்காத ஒரு புது பிளேடை வைப்பாள்.

"சலூன் கத்தியால என்னென்னமோ வியாதி வருதாம், பேப்பர்ல போட்டிருக்கான். இதத்தான் போடச் சொல்லணும். முடிஞ்சதும் உன் கண்ணு முன்னால சாக்கடைல போடச் சொல்லு. அப்பா வாயத் திறக்க மாட்டாரு, நீதான் பாத்துக்கணும்."

அப்பாவைக் காப்பாற்றும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டதாக எனக்குப் பெருமை. சலூன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரே பெண் பிள்ளை நான்தான். அந்த வருடம்தான் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பேருமாக மூன்று முறை ஊசி போட்டுக்கொண்டோம். அப்பாவுக்கு ஏன் ஊசி இல்லை என்று கேட்டதற்கு, அவர் பெரியவர் என்றாள். அம்மாவும் பெரியவள்தானே என்று எனக்குத் தோன்றவில்லை.

சலூன்காரரிடம் இரண்டும் இருந்தன. நாற்காலியில் தொங்கும் தோல் வாரில் தீட்டுகிற நீண்ட மடக்குக் கத்தி ஒன்று. பாதி பிளேடைச் செருகிக்கொள்கிற புதுக் கத்தி ஒன்று. பேப்பரில் வந்த பயத்துக்காக அதை வாங்கி வைத்திருந்தாரே தவிர, அவருக்கு அது பிடிக்காது.

"இன்னா சார், கத்தியா பிளேடா?"

அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு, பிளேடு என்பார். மூன்று வாரம் இப்படிப் போனது. அப்பாவின் கழுத்து சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்பியது.

"அது பிளேடு இல்ல சார், தேங்கா துருவி" என்றார் சலூன்காரர். "நம்ம கத்தி வச்சா வச்சதே தெரியாது. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது இது?"

"வீட்டு உத்தரவு" என்றார் அப்பா.

"அப்ப அம்மாவையே கத்திய வந்து மோந்து பாக்கச் சொல்லு."

கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. திரும்பி வரும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"தெனமும் மூஞ்சியத் தொடுத மனுசன். அவர் கத்திய நாம சந்தேகப்பட்ட மாதிரி ஆயிருதுல்லா. அம்மாட்ட பிளேடு போட்டாச்சுன்னு சொல்லிரு, என்ன."

சொல்லிவிட்டேன். அதன் பிறகு அப்பாவின் கன்னத்தில் பட்டதெல்லாம் அந்த மடக்குக் கத்திதான். இதில் எனக்கும் லாபம் இருந்தது. வகுப்பில் எல்லோரும் பிளேடால்தான் பென்சில் சீவுவோம். துருப்பிடிக்காத புது பிளேடு வைத்திருப்பவளுக்குத் தனி மரியாதை. வாரத்துக்கு மூன்று பிளேடு எனக்குச் சேர்ந்தது. சாக்கடைல போட்டாச்சா என்று அம்மா கேட்பாள். போட்டாச்சு என்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்வது எங்கள் மாடி வீட்டு அண்ணா. கிண்டி தொழிற்பேட்டையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "இன்னா மேடம், உனுக்கு எப்ப ஷேவிங்?" என்று என்னைச் சீண்டிவிட்டுத்தான் உட்காருவார். சலூன்காரர் கத்தியை ஒரு துணியில் துடைத்து, வாரில் நாலு இழுப்பு இழுத்து, அவர் கன்னத்தில் வைப்பார். அண்ணாவுக்கு முகமெல்லாம் பரு. எவ்வளவு பதமாகச் செய்தாலும் இரண்டு இடத்தில் ரத்தம் துளிர்க்கும். படிகாரக் கட்டியைத் தேய்த்தால் முகத்தைச் சுளித்து, எனக்குப் பழிப்புக் காட்டுவார்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அப்பா ஈரல் கெட்டு இறந்தார். அப்போதுதான் மாமா எனக்குச் சொன்னார். அப்பாவுக்கு ஏற்றிய ரத்தத்திலேயே, ரத்தத்தால் தொற்றும் காமாலைக் கிருமி இருந்திருக்கிறது. காமாலை இறங்கிய பிறகும் அது அவர் ரத்தத்தை விட்டுப் போகவில்லை. ரேசரைத் தனியாக வையுங்கள், வீட்டில் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரி நடையில் வைத்து டாக்டர் அம்மாவிடமும் மாமாவிடமும் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் இருவரும் முடிவு செய்தார்கள். அவர் மனசு விட்டுவிடுவார். கடைக்குத் தெரிந்தால் வேலை போகும். தெருவுக்குத் தெரிந்தால் வீடு போகும். நம் வீடுகளில் நோயாளிக்கு மட்டும் தெரியாமல் நோய் இருப்பது புதிதல்ல. அம்மா கொடுத்தனுப்பிய பிளேடு அப்பாவைக் காப்பாற்ற அல்ல. அப்பாவுக்கு அடுத்து உட்காருகிறவர்களைக் காப்பாற்ற.

எனக்குப் பத்து வயதானபோது மாடி வீட்டு அண்ணாவுக்குக் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாவது வாரம் நினைவு தப்பியது. கல்யாணப் பத்திரிகைக் கட்டு மாடிப்படியின் கீழே பிரிக்காமல் இருக்க, அவரை அந்தப் படி வழியாகவே கிடத்தி இறக்கினார்கள்.

அந்த வருடம் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்து தெருவில் வேறு சிலருக்கும் காமாலை வந்தது. அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பின்னாளில் ஒரு டாக்டரிடம், வேறு யாரோ ஒருவருக்கு நடந்ததுபோலச் சொல்லிக் கேட்டேன். கத்தியால் வந்திருக்கலாம், தண்ணீரால் வந்திருக்கலாம், இனிமேல் சொல்ல முடியாது என்றார்.

அண்ணா போனதிலிருந்து மூன்று நாள் அம்மா காபியைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. மாடியிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டபடி இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லா தடவையும் நான் குடுத்த பிளேடுதான போட்டாங்க? ஒரு தடவகூட அந்தக் கத்தி படலையே?"

"படலம்மா."

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து முகம் கழுவினாள். தட்டு வைத்து, ரசம் ஊற்றிப் பிசைந்து, இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொய்ச் சத்தியம் செய்ததற்குச் சாமி கண்ணைக் குத்துமோ என்ற பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அம்மா சாப்பிட்டாளே என்று திருப்தியாக இருந்தது. இன்றைக்கும் அம்மா என்னோடுதான் இருக்கிறாள். இன்றைக்கும் சொல்லவில்லை.

அந்தச் சத்தியத்துக்கு மறுநாள் காலை அப்பா சலூனுக்குக் கிளம்பினார். அம்மா என் கையில் இன்னொரு புது பிளேடை வைத்து, விரல்களை மூடி, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். பாவம் அம்மா, அப்பாவுக்காக எவ்வளவு பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் அவர் பின்னால் போனேன்.