நெசவுசாலை வாசலில் பேர் கூப்பிட்டேன்

மண்டபத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவனுக்கு நிகழ்ச்சி பார்க்கக் கொடுத்துவைக்காது. நாற்காலி அடுக்கவே பொழுது சரியாக இருக்கும். என்னைப் போன்ற சாவிக்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா? இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய நெசவுசாலையைப் புதுப்பித்துக் கலாசார மண்டபமாக்கி, என் தலையில் கட்டினார்கள். போர் நின்று சமாதானப் பேச்சு நடந்த நாட்கள் அவை. வெளியூர்க் கலைஞர்களும் பயமில்லாமல் வந்து போனார்கள்.

பொட்டு வைத்த தறி

காட்சிக்கென்று ஒரே ஒரு தறியை வைத்து, சுற்றிக் கயிறு கட்டி, தொடக் கூடாது என்று மூன்று மொழியில் பலகை மாட்டினோம். ஆயுத பூசைக்கு மறுநாள் கதவைத் திறந்தால் தறிக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை! சாவி என்னிடம்தான் இருந்தது. பழைய நெசவுக்காரர்கள் யாரோ சன்னல் வழியாக ஏறி வந்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து மேற்பார்வைக்கு வரும் அதிகாரியம்மா, அந்த நோனா, பார்த்தால் என் கதி என்னாவது? ஈரத் துணியால் தேய் தேய் என்று தேய்த்தேன். குங்குமம் மரத்தில் ஊறிவிட்டது. சிங்களவரான எங்கள் மின்சாரக்காரர் சோமபால நல்ல தமிழில் ஆறுதல் சொன்னார்:

“பயப்பட வேணாம் அண்ணே. நோனா கேட்டா பழைய பெயின்ட்னு சொல்லிருவோம்.”

மழைக் கச்சேரி

பழமை மாறக் கூடாதென்று தகரக் கூரையை அப்படியே விட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்து மழைக்கு அது தெரியுமா? ஒரு நாள் பகல் கச்சேரியில் பாடகர் வாயைத் திறந்தார், வானமும் திறந்துகொண்டது. கரண்டும் போய், மைக்கும் அடங்கிவிட்டது. அவர் தலையாட்டிய இடத்தில் சபையும் மரியாதைக்குத் தலையாட்டியது.

சன்னலைச் சாத்தப் போனேன். வெளியே குடைக்குள் லெட்சுமியக்கா. முன்பு இங்கே நெய்தவர். எந்த நிகழ்ச்சிக்கும் உள்ளே வராமல் சன்னலோரத்திலேயே நிற்பார். உள்ளே இருக்கிற எங்களுக்கே கேட்கவில்லை, நீங்கள் ஏன் நனைகிறீர்கள் என்று கேட்டேன்.

“எனக்கு வெளங்குதுங்க. முருகனைக் கூப்பிடுறாரு. இருபது தறி ஓடுறப்ப நாங்க வாயைப் பாத்துத்தானுங்களே பேசிக்குவோம்!”

வெட்டிய பேர்

நெசவுசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போகலாம். பிந்தி வந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி. லெட்சுமியக்கா ஒரு பெட்சீட்டில் பச்சைக் கோடு வரவேண்டிய இடத்தில் நீலத்தை ஓட்டிவிட்டாராம். வேலையை நிறுத்திப் பேரை வெட்டிவிட்டார்கள். திரும்பக் கூப்பிடுவதற்குள் நெசவுசாலையையே மூடிவிட்டார்கள்.

“அந்தக் கணக்கப்பிள்ளையே இப்ப இல்லையே, வாங்கக்கா” என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னது இவ்வளவுதான்:

“நீங்க நல்ல மனசுலதான் சொல்றீங்க. பேரு வெட்டுனவ எப்படிங்க உள்ள வருவா?”

வாசலில் நான்

அவர் மகள் செல்வி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சொந்தமாக எழுதி நடித்த முதல் நாடகத்தை எங்கள் மண்டபத்தில் போட்டாள். அன்று காலை என்னிடம் வந்து, “அம்மா சன்னல்ல நின்னு பாத்தா எனக்கு வசனம் வராதுங்க சேர்” என்றாள். கண் கலங்கியிருந்தது.

சபை நிறைந்தது. திரை தூக்க வேண்டிய நேரமும் கடந்தது. சன்னலோரம் அதே குடை. எனக்கு என்ன தோன்றியதோ, நாற்காலிக் கணக்கு எழுதும் கொப்பியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். கணக்கப்பிள்ளை மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, தோட்டத்து முறைப்படி தகப்பன் பேரோடு சேர்த்துக் கத்தினேன்: “ராமசாமி லெட்சுமி!”

குடை அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

“வந்தேங்க!”

குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வலது காலை வைத்து உள்ளே வந்தார். திரை இடுக்கில் செல்வியின் முகம் தெரிந்தது. அக்கா என் பக்கத்தில் நின்று, கொப்பியை எட்டிப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்:

“நேரமாயிருச்சுங்களே... அரைப் பேராவது போடுவீங்களா?”

முழுப் பேரே போட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பழைய நெசவுக்காரர்கள் எல்லாரும் வாசலில் வரிசை கட்டி நிற்கிறார்கள், பேர் கூப்பிடாமல் ஒருவரும் உள்ளே வருவதில்லை.