ரியாஸ் பார்க்காத துறைமுகம்

இன்று காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது ரியாஸிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. ஹாம்பர்க்கில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே ஆறு, ஆற்றில் கன்டெய்னர்களை மாடி மாடியாக அடுக்கிக்கொண்டு ஒரு கப்பல். கப்பலின் பெயர்கூடத் தெளிவாகத் தெரிகிறது. கீழே எழுதியிருந்தான்: "தோஸ்த், இது எங்கேர்ந்து வருதுப்பா?" எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இருக்கலாம். ஆனால் எரிந்தது வயிறுதான்.

உங்களுக்கு ரியாஸைத் தெரியாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஷிப்பிங் செக்‌ஷனில் நானும் அவனும் எதிரெதிர் மேஜை. பக்கத்திலேயே பேக்கிங் ஹால். பசை, பாலிஷ், புதுத்தோல், அட்டைப்பெட்டி எல்லாம் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் புது ஷூ டப்பாவைத் திறந்தால் எனக்கு ஷூ தெரிவதில்லை, அந்த அறையின் சுவர்தான் தெரிகிறது. சுவர் முழுக்க ஒரு உலகப்படம்.

எங்கள் சரக்கு சென்னையில் கப்பல் ஏறியதும் படத்தில் ஒரு குண்டூசி குத்துவோம். வெள்ளிக்கிழமை மதியம் சென்னை ஏஜென்ட் போன் செய்து கப்பல் எதுவரை போயிருக்கிறது என்று சொல்வார். அந்த நேரம் ரியாஸ் ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பான். அதனால் ஊசியை நகர்த்தும் வேலை என்னுடையதாயிற்று. கொழும்பு, ஏடன், சூயஸ் கால்வாய், ஜிப்ரால்டர். அவன் அத்தர் மணக்கத் திரும்பி வந்து சுவரைப் பார்ப்பான். "இன்னாப்பா, நான் வர்றதுக்குள்ள கப்பல ஓட்டிக்கினு போய்ட்டியா?" என்பான். எனக்கு அதில் ஏகப் பெருமை.

இத்தனைக்கும் நான் விரிஞ்சிபுரத்துக்காரன். பாலாறு என்றால் எங்களுக்கு மணல். கால் நனையாமல் ஆற்றைத் தாண்டி வளர்ந்தவன். அமிர்தியில் அருவி பார்த்திருக்கிறேன், அதுவும் மழை பெய்த வருஷத்தில். மெரினாவில் பேன்ட்டை மடித்துக்கொண்டு நின்றதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் ஐரோப்பாவில் குளிர் எப்போது தொடங்கும், அதற்கு முன்னால் பூட்ஸ் கடைக்குப் போய்ச் சேர எந்தக் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அக்கினி வெயிலில் வியர்க்க வியர்க்க, உள்ளே கம்பளி வைத்த பூட்ஸை ஏற்றி அனுப்புவோம்.

ஒரு வருஷம் ஹாம்பர்க்கில் பெட்டியைத் திறந்தால் பூட்ஸ் மேலெல்லாம் பூஞ்சை. மழை நாளில் ஏற்றிய சரக்கு, வழியில் கன்டெய்னருக்குள்ளேயே வேர்த்துவிட்டது. அடுத்த லோடைத் திறக்கும்போது உங்கள் ஆள் ஒருவர் நேரில் இருக்க வேண்டும் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். முதலாளி எங்கள் அறைக்கு வந்து என்னைத்தான் பார்த்தார்.

"எப்ப பாத்தாலும் மேப் முன்னாடி நிக்கிறியே, நீயே போய்ட்டு வா. பாஸ்போர்ட் இருக்குதில்ல?"

இல்லை. ஜோடி ஜோடியாகப் பூட்ஸ் கடல் தாண்டுவதற்குக் காகிதம் தயார் செய்தவனுக்கு, தனக்கும் ஒரு காகிதம் வேண்டும் என்று தோன்றவே இல்லை. ரியாஸிடம் இருந்தது. அவன் மேல்விஷாரம். துபாயிலிருந்தோ சவுதியிலிருந்தோ எந்த மாமா எப்போது கூப்பிடுவாரோ என்று, மீசை முளைத்ததுமே அவன் வீட்டில் பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டார்கள். அவன் விமானம் ஏறினான். அந்த வெள்ளிக்கிழமை ஹாம்பர்க்கில் ஊசியைக் கொஞ்சம் பலமாகவே குத்தினேன்.

திரும்பி வந்தவனிடம் முதலில் கேட்டது, "துறைமுகம் எப்படிடா இருந்துச்சு?"

"எங்கப்பா பாத்தேன்? குடோன்லயே பெட்டிய தொறந்துட்டாங்க. பூஞ்சை கீஞ்சை ஒண்ணும் இல்ல. சாயங்காலம் ஹார்பர் பாக்கலாம்னு கூப்ட்டாங்க. ஒரே மழ, குளிரு வேற ஜாஸ்தி. ஒரே பேஜாரு. ரூமுக்குப் போய் தூங்கிட்டேன்."

அவன் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தூங்கியதை இன்றுவரை பொறுக்க முடியவில்லை. கொண்டுவந்த சாக்லேட்டைத் தொடக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். மதியத்துக்கு மேல் தின்றுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சல்.

அடுத்த மாதமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். பிறகு புதுப்பித்தும் பார்த்தேன். பூஞ்சை வரவே இல்லை, என்னை அனுப்பவும் யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. ஒரு முத்திரைகூட விழாத பக்கங்கள் அப்படியே இருக்கின்றன, போட்டோவில் இருப்பவனுக்கு மட்டும் வயதாகிவிட்டது.

போன வருஷம் ஒரு வேலையாகக் கம்பெனிக்குப் போயிருந்தேன். உலகப்படம் இல்லை. அந்த இடத்தில் ஏ.சி. மாட்டியிருக்கிறார்கள். கப்பல்கள் இப்போது எல்லோர் போனிலும் புள்ளியாக நகர்கின்றன, வெள்ளிக்கிழமைக்காக யாரும் காத்திருப்பதில்லை. சென்னை ஏஜென்ட் இறந்துவிட்டார்.

காலையில் நானும் போனில்தான் அந்தக் கப்பலின் பெயரைத் தேடினேன். கொழும்பில் சரக்கு ஏற்றியிருக்கிறது. செங்கடலில் கப்பல்களைத் தாக்குகிறார்கள் என்பதால் சூயஸ் பக்கம் போகாமல் ஆப்பிரிக்காவை முழுசாகச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகப் போயிருக்கிறது. சென்னையிலிருந்து கொழும்புக்குப் போன பெட்டிகளும் அதில் இருக்கும். ஆம்பூர் பூட்ஸும் இருக்கலாம், அவன் ஜன்னலுக்குக் கீழேயே. எல்லாவற்றையும் ஆசையாக ரியாஸுக்கு எழுதினேன். அனுப்பப் போகும்போது அந்த ஜன்னலை மறுபடி பார்த்தேன். எழுதியதை அழித்தேன்.

"தெரியலப்பா" என்று மட்டும் அனுப்பினேன்.

டீ ஆறிப்போயிருந்தது. அவனிடமிருந்து பதில் வந்தது.

"உனக்கே தெரியலன்னா, நான் வேற யாரப்பா கேக்கறது?"